வீடு மட்டும் போதாது, நடக்கிற வழியும் வேணும்



புது வீட்டுத் திட்டம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் நாம் எல்லோரும் கேட்கிற கேள்விகள் ஒரே மாதிரிதான். "எத்தனை காம்பரா? எத்தனை பேர்ச்? கூரை ஓடா, தகரமா? சாவி எப்ப கையில கிடைக்கும்?" இவை கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் இவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். "அந்த வீட்டிலிருந்து எங்க அப்பாயி கோயிலுக்கு நடந்து போக ஏலுமா? சின்னவன் துணையில்லாம ஸ்கூலுக்குப் போய் வர ஏலுமா? ராத்திரி ஒரு அவசரம் என்றால் அம்புலன்ஸ் எவ்வளவு தூரத்தில் நிற்கும்?"

வீடு நன்றாக இருந்து, வழி சரியில்லை என்றால், அந்த வீட்டிலுள்ள பெரியவர்கள் வெளியே வரவே மாட்டார்கள். வயதானவர்களுக்கும், பிள்ளை குட்டி உள்ள குடும்பங்களுக்கும், கையில் உள்ள காசுக்குள் ஒரு குடியிருப்பை எப்படி அமைக்கலாம் என்பதுதான் இந்த இதழின் பாடம். இதைத் தனியாக வாசித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். மாதர் சங்கத்திலோ, கோயில் கூட்டத்திலோ ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுப் பேசினால் பலன் கூட.

1. லயம் யாருடைய நடைக்காகக் கட்டப்பட்டது?

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் லயங்களைக் கட்டும்போது ஒரே ஒரு நடையைத்தான் கணக்கில் எடுத்தார்கள். அது வேலைக்குப் போகிற நடை. காலையில் தப்பு அடித்தால் ஆள் சீக்கிரம் பெரட்டுக்கு வரவேண்டும், கொழுந்து மலைக்கும் ஸ்டோருக்கும் கிட்ட இருக்கவேண்டும். அதற்குத் தோதான இடத்தில் வரிசையாகக் காம்பரா கட்டினார்கள். பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. தேயிலைக்கு நல்ல மண் போக மிஞ்சிய இடத்தில்தான் பல லயங்கள் நிற்கின்றன. ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம், பிள்ளை எந்த வழியால் போகும், கை கால் விழுந்தவர் எப்படி பீலிக்குப் போவார் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

லயத்தில் உள்ள குறைகளைப் பட்டியல் போட்டுச் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒழுகுகிற கூரை, ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை, வரிசைக்கு நிற்கிற கக்கூசு, ஒரு வீட்டில் பற்றிய நெருப்பு லயம் முழுக்கப் பரவுகிற பயம். ஆனால் லயத்தில் ஒரு நல்லதும் உண்டு. இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு அந்த லயமே கண்ணுக்கு முன்னால். பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால் இவர் போய்த் தூக்குவார். இவர் காலையில் கதவு திறக்காவிட்டால் பக்கத்து வீட்டார் வந்து தட்டுவார்கள். புது வீட்டுக்குப் போகும்போது கெட்டதை விட்டுவிட்டு, இந்த நல்லதைக் கையோடு எடுத்துக்கொண்டு போகவேண்டும். அது தானாக நடக்காது. திட்டம் போடும்போதே நினைத்தால்தான் நடக்கும்.

2. மற்ற நாட்டில் எப்படி யோசித்தார்கள்?

1929இல் அமெரிக்காவில் நியூயோர்க் நகரத் திட்டத்துக்காக கிளாரன்ஸ் பெரி என்பவர் ஒரு யோசனையை எழுதினார். ஒரு குடியிருப்பின் நடுவில் பள்ளிக்கூடம் இருக்கவேண்டும். அதைச் சுற்றி ஏறக்குறைய கால் மைல், அதாவது 400 மீற்றர் வட்டத்துக்குள் வீடுகள் இருக்கவேண்டும். வாகனம் ஓடுகிற பெரிய றோட்டு குடியிருப்பின் ஓரத்தால் போகவேண்டும், நடுவால் போகக்கூடாது. கடைகள் சந்திகளில் இருக்கவேண்டும். அவர் முக்கியமாக நினைத்தது பிள்ளையின் நடையை.

2007இல் உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கு உகந்த நகரங்கள் பற்றி ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. பல நாடுகளில் 33 நகரங்களின் முதியவர்களிடமே கேட்டு எழுதப்பட்டது அது. வெளியிடம், போக்குவரத்து, வீடு, சமூகத்தில் பங்கெடுத்தல், மரியாதை, வேலையும் பொதுக் காரியமும், தகவல், சுகாதார சேவை என எட்டு விஷயங்களை அது சொல்கிறது. வீடு அந்த எட்டில் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

துரைமார் வேலையாளின் நடையை எண்ணினார்கள், பெரி பிள்ளையின் நடையை எண்ணினார், உலக சுகாதார நிறுவனம் முதியவரின் நடையை எண்ணியது. யாருடைய நடையை எண்ணுகிறோமோ அவருக்குத்தான் அந்த ஊர் அமையும். நாம் எல்லோருடைய நடையையும் எண்ணிப் பார்ப்போம்.

3. இப்போது நம்முடைய நிலை

1990களில் பல தோட்டங்களில் கடன் பணத்திலும் சொந்த உழைப்பிலும் தனி வீடுகளும் இரட்டை வீடுகளும் கட்டப்பட்டன. பின்பு இந்திய உதவியில் 4,000 வீடுகளுக்கு 2012இல் ஒப்பந்தம் ஆகி, மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் கட்டப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 7 பேர்ச் காணியில் தனி வீடு என்பது இந்தத் திட்டங்களால் பழக்கமாயிற்று. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் 2018இல் வந்தது.

சொந்தக் காணி, சொந்த வாசல் என்பது நம் மக்கள் நெடுங்காலம் போராடிக் கேட்ட விஷயம். அதை நாங்கள் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் லயம் நெருக்கமாக இருந்தது, தனி வீடுகள் பரந்து போகின்றன. மலைச்சரிவில் பரந்து போனால் படியும் ஏற்றமும் கூடும். வாலிபப் பிள்ளைகள் ஓடி ஏறிவிடுவார்கள். 30 வருஷம் கூடை சுமந்த முழங்கால் என்ன செய்யும்?

4. முதலாவது: இடம் பாதுகாப்பானதா?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பார்க்கவேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையிலும் மலைநாட்டின் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின.

புது இடம் எதுவானாலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். "அறிக்கை இருக்கா?" என்று கேட்பது நம்முடைய உரிமை, அது யாரையும் எதிர்ப்பதாக ஆகாது. அறிக்கை இருந்தாலும் நம்முடைய கண்ணும் வேலை செய்யவேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரமும் போஸ்டும், இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று, தெளிந்த ஊற்று கலங்கி வருவது, திறக்க முடியாமல் இறுகிப்போன கதவு ஜன்னல் எல்லாம் அடையாளங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்பதே அந்த நிறுவனம் சொல்கிற கணக்கு.

இதிலும் நடை சம்பந்தப்பட்டிருக்கிறது. வெளியேறச் சொன்னால் இருட்டிலும் மழையிலும் பெரியவர்கள் எந்த வழியால் நடப்பார்கள்? ஒரே வழிதான் உண்டு, அதுவும் கானைத் தாண்டிப் போகிறது என்றால், அந்தக் குடியிருப்புக்கு இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வேணும்.

5. இரண்டாவது: தூரத்தை நிமிஷத்தால் அளப்போம்

"கிட்டத்தான் இருக்கு" என்று சொல்வோம். யாருக்குக் கிட்ட? நல்ல உடம்புக்காரர் சமதரையில் 5 நிமிஷத்தில் 400 மீற்றர் நடப்பார். தடி ஊன்றி நடக்கிற பெரியவர் அதே நேரத்தில் 200 மீற்றர்தான் போவார். ஏற்றம் என்றால் இன்னும் குறையும். ஆகவே மீற்றரை விட்டுவிட்டு, பெரியவர் ஒருவரின் நிமிஷத்தால் அளந்து பாருங்கள்.

எந்த இடம் கிட்ட இருக்கவேண்டும்? எவ்வளவு அடிக்கடி போகிறோம் என்பதை வைத்துத் தீர்மானிக்கலாம்.

ஒவ்வொரு நாளும் பல தடவை: தண்ணீர், கக்கூசு. இவை வீட்டுக்குள்ளேயே அல்லது வீட்டோடு இருக்கவேண்டும்.

ஒவ்வொரு நாளும்: பிள்ளைக்காம்பரா (இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறோம்), கடை, பக்கத்து வீட்டார் கூடுகிற இடம். பெரியவரின் நடையில் 5 நிமிஷம்.

கிழமையில் சில தடவை: கோயில், தேவாலயம், பஸ் நிற்கிற இடம், பாடசாலை. பெரியவரின் நடையில் 10 அல்லது 15 நிமிஷம்.

மாதத்தில் ஒன்றிரண்டு தடவை: கிளினிக், தபால் கந்தோர், வங்கி. இதற்கு வாகனத்தில் போகலாம். ஆனால் வாகனம் வருகிற இடத்துக்கு நடக்க முடியவேண்டும்.

மலிவான வீடு என்று நாம் சொல்வது கட்டுகிற செலவை மட்டும் பார்த்துத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழி சரியில்லாததால் ஒரு பெரியவரை மாதம் 4 தடவை ஆட்டோவில் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும், ஒரு ஓட்டத்துக்கு 300 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 8 ஓட்டம், 2,400 ரூபா. ஒரு வருஷத்துக்கு 28,800 ரூபா. 10 வருஷத்துக்கு 288,000 ரூபா. வீடு கட்டும்போது மிச்சம் பிடித்ததெல்லாம் வழியில் போய்விடும். காசில்லாத வீட்டில் ஆட்டோ பிடிக்கமாட்டார்கள், பெரியவர் கிளினிக் போவதை நிறுத்திவிடுவார். பிரஷர் மாத்திரை முடிந்து, வாங்கப் போகாமல் கிடந்து, பிறகு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிற நிலைமை இப்படித்தான் வருகிறது.

6. மூன்றாவது: காணித் துண்டு எந்தப் பக்கம் பார்க்கவேண்டும்?

இது கொஞ்சம் கணக்குப் பாடம். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 160 பேர்ச் ஒரு ஏக்கர். 7 பேர்ச் என்றால் 1,905.75 சதுர அடி. அதை ஏறக்குறைய 35 அடிக்கு 54 1/2 அடி துண்டாகப் போடலாம்.

24 வீடு, பாதைக்கு இரண்டு பக்கமும் 12 வீதம் என்று வைப்போம். 54 1/2 அடிப் பக்கம் பாதையைப் பார்த்தால் பாதையின் நீளம் 654 அடி. 35 அடிப் பக்கம் பாதையைப் பார்த்தால் 420 அடி. அதே காணி, அதே வீடு, பாதை மட்டும் 234 அடி குறைகிறது. கொங்கிரீட், தண்ணீர்க் குழாய், கரண்ட் கம்பி, மழைநீர்க் கான் எல்லாமே அதே அளவுக்குக் குறையும். கடைசி வீட்டுப் பாட்டி முதல் வீட்டுக்கு வர 5 நிமிஷத்துக்குப் பதிலாக 3 நிமிஷம் போதும். காசும் மிச்சம், காலும் மிச்சம்.

இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர் வைத்துக் கட்டுகிற இரட்டை வீட்டில் ஒரு சுவரின் செலவும் ஒரு பக்க மண்வெட்டும் குறையும். "திரும்பவும் லயமா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அந்தக் கவலை நியாயமானதே. தனி வாசல், தனிக் கக்கூசு, தனிக் காணி இருந்தால் அது லயம் ஆகாது. நடுச்சுவரைக் கூரை வரைக்கும் உயர்த்திக் கட்டவேண்டும், அப்போது நெருப்பும் சத்தமும் அடுத்த பக்கம் போகாது. எது வேண்டும் என்பதை வீட்டுக்காரர்களே பேசி முடிவெடுக்கட்டும்.

7. நான்காவது: பாதையும் படியும்

கான் வெட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மலையை நேராகப் பிளந்து கான் வெட்டினால் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகும், மலையைச் சுற்றி மெல்லிய சரிவில் வெட்டினால் மெதுவாகப் போகும். மனுஷன் நடக்கிற வழிக்கும் அதே ஞாயம்தான். முக்கியமான பாதை மலையைச் சுற்றிப் போகவேண்டும். வீடுகள் அந்தப் பாதையின் மட்டத்தில் இருக்கவேண்டும். ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏறும் இடத்தில் மாத்திரம் படி.

சரிவுப் பாதையில் சக்கர நாற்காலி போக வேண்டுமானால் 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது பொதுவான அளவு. 40 அடி உயரம் ஏற வேண்டுமானால் 480 அடி சரிவு வேணும். எல்லா மலையிலும் இது நடக்காது. அப்படியென்றால் படியை ஒழுங்காகக் கட்டுவோம். 6 அங்குலப் படி வைத்தால் 40 அடிக்கு 80 படி. அதற்கு இந்த முறைகளைக் கவனியுங்கள்:

அ) எல்லாப் படியும் ஒரே உயரம். ஒரு படி 5 அங்குலம், அடுத்தது 9 அங்குலம் என்றால் அங்கேதான் கால் தவறும். 6 அங்குல உயரம், 12 அங்குல அகலத்துக்குக் குறையாத மிதி.

ஆ) 10 அல்லது 12 படிக்கு ஒரு தடவை 4 அடி சமதளம். அதில் உட்கார ஒரு திண்ணை. மூச்சு வாங்குகிறவருக்கு அது மருந்து மாதிரி.

இ) ஏறக்குறைய 3 அடி உயரத்தில் கைப்பிடிக் குழாய். படி முடிந்த பிறகும் ஒரு அடி நீண்டு இருக்கட்டும்.

ஈ) அகலம் 4 அடியாவது வேண்டும். கூடையோடு வருகிறவரும் பிள்ளையோடு போகிறவரும் விலகலாம். ஸ்ட்ரெச்சர் தூக்கலாம். நம் வீட்டுச் சாவும் கல்யாணமும் இந்த வழியால்தானே போகவேண்டும்!

உ) சீமெந்து காயும் முன்பே விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்து விடுங்கள். வழுவழு என்று பூசினால் மேசன் பாஸுக்கு நல்ல பேர், மழைக்காலத்தில் பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிவு.

ஊ) மலைப்பக்கமாகக் கான். படிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் பாசி பிடிக்கும். பாசி பிடித்த படியை மாதம் ஒரு தடவை தேய்த்துக் கழுவ முறை வையுங்கள்.

எ) படி தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் வெளிச்சம்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி எங்கே வந்து நிற்கும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து, அந்த இடத்துக்கு ஒரு பேரும் வீடுகளுக்கு இலக்கமும் வையுங்கள். "மேல் டிவிசன், பெரிய மரத்துக்குப் பக்கத்து வீடு" என்று போனில் சொன்னால் வெளியூர் டிரைவருக்கு விளங்காது.

8. ஐந்தாவது: வீட்டுக்குள் பெரியவருக்கு இடம்

வீடு சின்னது என்றாலும் சில விஷயங்களைத் தொடக்கத்திலேயே செய்தால் செலவு அதிகம் இல்லை. பிறகு உடைத்துச் செய்வதற்குத்தான் செலவு.

வாசலில் உயர்ந்த படி வேண்டாம். கக்கூசுக் கதவு 32 அங்குலமாவது அகலம் இருக்கட்டும். சுவரில் ஒரு பிடி கம்பி. குந்தி எழும்ப ஏலாதவருக்கு உட்காருகிற கொமட். பெரியவரின் படுக்கை கக்கூசுக்குக் கிட்டவும், ஜன்னலால் பாதை தெரிகிற பக்கமும் இருந்தால் நல்லது. போகிற வருகிற ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினாலே அவருக்குப் பாதி நோய் குறையும். இஸ்தோப்பு கட்டாயம் வேணும். காசு போதாது என்று முதலில் வெட்டுகிறது இஸ்தோப்பைத்தான், ஆனால் பெரியவர் பகல் முழுக்க இருக்கிற இடம் அதுதான்.

கக்கூசுக் குழி ஊற்றுக்கும் கிணற்றுக்கும் கீழ்ப் பக்கமாக, 50 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்கவேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். வேலையை விட்டு நிற்கும்போது கிடைக்கிற சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் அப்படியே வீட்டைப் பெரிதாக்கப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பிள்ளைகளுக்காகத்தான் செய்கிறார்கள். பிறகு மாத்திரை வாங்க மருமகளிடம் கை நீட்டவேண்டியிருக்கிறது. முதலில் இரண்டு காம்பராவும் கூரையும் முடித்து, அத்திவாரத்தை மட்டும் பெரிதாகப் போட்டு, மிச்சக் காம்பராவை உழைக்கிற பிள்ளைகள் ஆறுதலாகக் கட்டட்டும். பெரியவரின் பணத்தில் ஒரு பகுதி அவர் பேரிலேயே வங்கியில் இருக்கட்டும். இதை வீட்டுக்குள் பேசக் கூச்சப்பட வேண்டாம்.

9. ஆறாவது: யாருக்கு எந்தத் துண்டு?

சண்டை வருகிற இடம் இது. வழக்கமாகச் சீட்டுக் குலுக்குவார்கள். குலுக்கினால் பாரபட்சம் இல்லை என்பது உண்மை. ஆனால் தடி ஊன்றுகிறவருக்கு உச்சி வீடும், கல்யாணமான வாலிபனுக்கு றோட்டோர வீடும் விழலாம்.

சில யோசனைகள் சொல்கிறோம். நடக்க ஏலாதவர், கண் தெரியாதவர், மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களுக்கு மட்டமான பாதையோரத் துண்டுகளை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குச் சீட்டுக் குலுக்கலாம். குலுக்கிய பிறகும், உறுதி எழுதும் முன்பு, இரண்டு குடும்பம் மனமொத்து மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கலாம். தாயும் கல்யாணமான மகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பிள்ளையைப் பார்க்கிற ஆளும் ஆச்சு, தாயைப் பார்க்கிற ஆளும் ஆச்சு.

இதற்கு ஒரு எதிர்க் கேள்வி வரும். "இன்றைக்கு அந்த வீட்டில் தாத்தா இருக்கார். 10 வருஷம் கழிச்சு அவர் இருக்கமாட்டார். காணி மட்டும் நல்ல இடத்தில் அவர்களுக்கே நிக்குமே. எங்க வீட்டிலும் அப்ப வயசானவர் இருப்பார்தானே?" நியாயமான கேள்வி. அதனால்தான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, ஒரு சில துண்டை மட்டும் நல்ல துண்டாக வைக்காமல், முடிந்தவரை எல்லாத் துண்டும் மட்டமான பாதையைத் தொடுகிற மாதிரி வரைபடம் போடுங்கள் என்று. வரைபடம் நன்றாக இருந்தால் சண்டை பாதி குறையும். வரைபடம் கடதாசியில் இருக்கும்போது மாற்றச் செலவு ஒரு அழிறப்பர். அத்திவாரம் போட்ட பிறகு மாற்ற ஏலாது.

உறுதி எழுதும்போது புருஷன் பெண்சாதி இருவர் பேரிலும் எழுதக் கேளுங்கள். அதேபோல், வீட்டில் உள்ள தாய் தகப்பன் இருக்கும்வரை அங்கே இருக்கிற உரிமை பற்றியும் முதலிலேயே பேசி வையுங்கள்.

10. ஏழாவது: எல்லோருக்கும் பொதுவான இடம்

ஒவ்வொரு 7 பேர்ச்சும் பிரித்த பிறகு ஒரு துண்டாவது யாருக்கும் சொந்தமில்லாமல், எல்லோருக்கும் சொந்தமாக இருக்கவேண்டும். அங்கே ஒரு மரம், நாலு பேர் உட்காரத் திண்ணை, பிள்ளைகள் விளையாடக் கொஞ்சம் சமதரை. அது பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் இருந்தால் மிக விசேஷம். பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியின் கண் காவல், தாத்தா பாட்டிக்குப் பிள்ளைகளின் சத்தம் துணை. லயத்தில் இஸ்தோப்பு செய்த வேலையைப் புது ஊரில் இந்த இடம் செய்யும். ஊர் ஓரத்தில் யாருக்கும் ஆகாத குழியை "பொது இடம்" என்று எழுதினால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

11. யாரிடம் கேட்பது?

முன்பு தோட்டத்துக்குள் றோட்டு, படி, லைட்டு என்று கேட்டால் "அது தோட்டத்துக் காணி, பிரதேச சபை காசு செலவழிக்க ஏலாது" என்று சொல்வார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படி ஒரு தடையாக இருந்தது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டு, பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கும் வேலை செய்ய வழி திறந்தது. ஆகவே உங்கள் வட்டாரத்து உறுப்பினரிடம் படிக்கும் கைப்பிடிக்கும் எழுத்தில் கேளுங்கள். பழைய பதிலை யாரும் சொன்னால் திருத்தத்தை எடுத்துக் காட்டுங்கள்.

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். 60 வயதானவர்கள் முதியோர் சங்கம் அமைத்துப் பதிவு செய்யலாம், முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொதுக் கட்டிடங்களில் அவர்கள் போய்வர வசதி செய்வது பற்றிய 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் உண்டு. பிள்ளைக்காம்பராவும் டிஸ்பென்சரியும் புதிதாகக் கட்டும்போது இதை நினைவுபடுத்துங்கள்.

12. செய்து பார்ப்போம்

இந்தப் பாடத்துக்குப் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம் போதும்.

ஒன்று: ஒரு பெரியவர், ஒரு கைப்பிள்ளைத் தாய், ஒரு பாடசாலைப் பிள்ளை, ஒரு வாலிபர் என நாலு பேர் சேருங்கள். பெரியவர் முன்னால் நடக்கட்டும். மற்றவர்கள் அவர் வேகத்துக்கே நடக்கவேண்டும்.

இரண்டு: லயத்திலிருந்து அல்லது வீட்டிலிருந்து கடை, பிள்ளைக்காம்பரா, கோயில், பஸ் நிற்கும் இடம் நாலுக்கும் போய் வாருங்கள். பிள்ளை கொப்பியில் எழுதட்டும்: எத்தனை நிமிஷம், எத்தனை படி, பெரியவர் எத்தனை தடவை நின்றார், எங்கே நின்றார்.

மூன்று: அவர் நின்ற இடம்தான் திண்ணை வைக்கவேண்டிய இடம். அவர் சுவரையோ மரத்தையோ பிடித்த இடம்தான் கைப்பிடி வைக்கவேண்டிய இடம். சுற்றிப் போன இடம் கான் திருத்தவேண்டிய இடம்.

நான்கு: ஏற்றத்தின் உயரத்தை அறிய, மேசன் பாஸ் வைத்திருக்கிற தெளிந்த குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் நீர்மட்டம் பார்த்து, துண்டு துண்டாக அளந்து கூட்டுங்கள்.

ஐந்து: பெரிய கடதாசியில் வரைந்து பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டுங்கள். முதலில் செய்யவேண்டிய மூன்று வேலையைக் கூட்டத்தில் தெரிவு செய்யுங்கள். ஒன்றாவது நம் கையாலேயே செய்யக்கூடியதாக இருக்கட்டும், சிரமதானம் போட்டு முடித்துவிடலாம். மற்ற இரண்டுக்கும் கடிதம் எழுதுங்கள், கொப்பியின் கணக்கையும் கூட வையுங்கள். "வழி மோசம்" என்று எழுதினால் பைலுக்குள் போய்விடும். "கோயிலுக்கு 112 படி, கைப்பிடி இல்லை, பெரியவர் ஏழு தடவை நின்றார்" என்று எழுதினால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

கூட்டத்தில் பேச மூன்று கேள்விகள்:

நம் டிவிசனில் கடந்த ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வராத பெரியவர்கள் யார் யார்? வராததற்குக் காரணம் உடம்பா, வழியா?

புது வீட்டு வரைபடத்தை நம்மில் யாராவது பார்த்திருக்கிறோமா? பார்க்கவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

லயத்தில் இருந்த எந்த நல்ல பழக்கத்தைப் புது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்?

வரைந்த படத்தையும் கொப்பிக் கணக்கையும் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். புதுத் திட்டம் பற்றிய கூட்டத்துக்கு நாங்கள் அதை எடுத்துக்கொண்டு வருவோம். அந்தக் கூட்டத்துக்குப் பெரியவர்களையும் கட்டாயம் கூட்டிவாருங்கள். படியேறி வர ஏலாது என்றால், கூட்டத்தை அவர்கள் இருக்கிற இடத்தில் வைப்போம்.